பெயர் நீக்கப்பட்டோர் பட்டியல்

ஜார்ஜ்டவுன் பக்கம், டெலவேர்
5 அக்டோபர் 2025, ஞாயிறு

தமிழினி,

கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெண்பா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், உன் மச்சான் கோழிகளுக்கு ஊசி போடுகிறார், நான் சோறாக்குகிறேன். தினமும் வாட்ஸப்பில் பேசுகிற அக்கா எதற்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிறாள் என்றால், இந்த விஷயத்தைப் போனில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. விமான நிலையத்தில் போனை வாங்கித் திறந்து பார்க்கிறார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். காகிதத்தைக் கிழித்துவிடலாம். படித்ததும் கிழித்துவிடு. அம்மாவிடம் சொல்லாதே.

போன வருடம் ஜூன் மாதம், வெண்பாவுக்குப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போனேன். வாசலில் மேசை போட்டு வயதான பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்துவிட்டாயா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். படிவத்தை நீட்டினாள்.

நம் அம்மா வளர்த்த பிள்ளை நான். அப்பா லாரியில் வடக்கே போயிருந்த வாரத்தில் கணக்கெடுக்க வந்து, நம் வீடு விட்டுப்போய், இரண்டு வருடம் ரேஷன் அட்டை இல்லாமல் பக்கத்து வீட்டு அட்டையில் மண்ணெண்ணெய் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து அம்மா சொல்வாள்: "எந்த லிஸ்ட்டு வந்தாலும் பேரைக் குடுத்துப் போடோணும். பேரில்லாதவ ஊருல இல்லாதவ." நான் பேரைக் கொடுத்துவிட்டேன். வரிசையாக இருந்த கட்டங்களில் டிக் அடித்தேன். முதல் கட்டம், நான் இந்த நாட்டுக் குடிமகள் என்பது. நான் படிக்கவே இல்லை, தமிழினி. எல்லாக் கட்டத்துக்கும் டிக் அடித்தால்தான் வேலை முடியும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் ஒரு அட்டை வந்தது. என் பேர் போட்டு, எந்த வாக்குச்சாவடி என்று போட்டு. சந்தோஷமாக அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

இந்த ஏப்ரலில் உன் மச்சான் எங்கள் இருவருக்கும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அவரே நிரப்பினார், காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நேர்காணலுக்காக நூறு கேள்விகள் உள்ள ஒரு புத்தகம் படிக்க வேண்டும். போன வாரம் அதில் ஒரு கேள்வி: குடிமக்களுக்கு மட்டுமே உரிய ஒரு பொறுப்பைச் சொல். விடை: வாக்களிப்பது.

புத்தகத்தை மூடிவிட்டு விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறாயா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறது. கீழே என் கையெழுத்து.

இரண்டு இடத்தில் பொய் சொல்லியிருக்கிறேன், இரண்டும் தெரியாமல். குடிமகள் என்று பொய்யாகச் சொன்னவர்களை நாட்டைவிட்டே அனுப்பலாம் என்கிறது சட்டம். வெண்பா இங்கே பிறந்தவள். அவளை அனுப்ப மாட்டார்கள். என்னை மட்டும்தான்.

உன் மச்சானிடம் சொல்லவில்லை. நேர்காணல் எப்போது என்று இன்னும் தெரியாது. போனில் கேட்க வேண்டுமென்றால் "சளி எப்படி இருக்கு" என்று கேள்.

அறிவு


மோகனூர்
22 அக்டோபர் 2025

அக்கா,

தீபாவளிக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "அமெரிக்காவுல இருந்து கடுதாசியா? இதுக்கொரு பலகாரம் குடுக்கோணுமுங்க டீச்சர்" என்றார். முறுக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படித்தேன். இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா கேட்டாள். வெண்பா படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள் என்றேன். "எங்க, காட்டு" என்றாள். பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஆக, எனக்கும் இது தொற்றிக்கொண்டது.

கிழிக்கவில்லை. மன்னித்துவிடு. எதையும் கிழிக்க எனக்கு வராது. ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

இரண்டு நாளாக அந்தச் சட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததால் பயம் குறையவில்லை. இதுவரை பெயரில்லாமல் இருந்த பயத்துக்குப் பிரிவு எண்ணும் உட்பிரிவும் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஜூனில் பதிவு செய்தாய். அட்டை வந்தது. அரிசி டப்பாவில் வைத்தாய். அங்கிருந்து நேராக இந்த ஏப்ரலுக்குத் தாண்டிவிட்டாய். நடுவில் ஒரு நவம்பர் இருக்கிறது, அக்கா. அதிபர் தேர்தல் நடந்த நவம்பர்.

நீ ஓட்டுப் போட்டாயா?

ஒரு சொல் எழுது, போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மச்சானிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்வோம். முதலில் இதற்குப் பதில்.

தமிழினி


ஜார்ஜ்டவுன் பக்கம்
8 நவம்பர் 2025

தமிழினி,

உன் கடிதம் வந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சோயாபீன் அறுத்த காடுகள் மொட்டையாகக் கிடக்கின்றன.

நேர்காணல் தேதி வந்துவிட்டது. ஜனவரி பதினைந்து. பொங்கல் அன்றைக்கு. உன் மச்சான் "நல்ல நாளாத்தான் குடுத்திருக்காங்க" என்று காலண்டரில் வட்டம் போட்டார்.

புத்தகத்தைப் படிக்கச் சொல்கிறார். நான் அதை விட்டுவிட்டு இந்த மாநிலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை வெளியே அனுப்பப் போகிறவர்கள் யார் என்றாவது தெரிய வேண்டாமா? சிரிக்காதே. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். நம் நாமக்கல் மாவட்டத்து ஜனம்கூட இல்லை. மூன்றே மாவட்டம். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அறுபதுக்குக் கொஞ்சம் குறைய வெள்ளைக்காரர், இருபத்திரண்டு கறுப்பர், பத்துப் பன்னிரண்டு ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ஆசியாக்காரர் நாலு. அந்த நாலில் நாம் ஒன்றோ ஒன்றரையோ. அதுவும் வடக்கே, வங்கிகளும் பல்கலைக்கழகமும் இருக்கிற பக்கம். தெற்கே, எங்கள் மாவட்டத்தில், கோழியும் சோளமும் கடற்கரையில் குடியேறின ஓய்வூதியக்காரர்களும்தான். ஐம்பத்திரண்டிலிருந்து தொண்ணூற்றாறு வரை பன்னிரண்டு தேர்தலில் இந்த மாநிலம் யாருக்குப் போட்டதோ அவரே அதிபர். இரண்டாயிரத்தில் அது பொய்த்தது. இப்போது முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே கட்சிக்குத்தான் போடுகிறது, ஆனால் அது வடக்கு போடுகிற ஓட்டு. எங்கள் தெற்கு மறுபக்கம். எங்கள் தெருவில் பதினாறு வீடு. பதினைந்து வீட்டு வாசலில் யாருடைய பலகை நட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். பதினாறாவது நாங்கள்.

எல்லோரும் நல்லவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டுக் கிழவர் எங்கள் பனியையும் சேர்த்து வாரிவிடுவார். போன மாதம் அவர் என்னிடம், "உங்களை மாதிரி முறையாக வந்தவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் இல்லை, பொய் சொல்லி வந்தவர்களைத்தான் சொல்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். கையில் அவருக்குக் கொடுக்க எடுத்துப்போன அதிரசத் தட்டு. அதை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோழி அறுக்கிற ஆலையில் குவாதமாலா நாட்டு ஆட்கள் நிறைய. இரண்டு வாரமாகப் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை என்று உன் மச்சான் சொல்கிறார். குடியேற்றத் துறையினர் பிடித்துப் போகிறார்கள் என்று பேச்சு. வெண்பா வகுப்பில் ஒரு நாற்காலி காலியாம். "அந்தப் பொண்ணு எங்க போச்சும்மா?" என்று கேட்டாள். "ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்கும் சாமி" என்றேன்.

இந்த மாவட்டத்தில் கோழிப்பண்ணையே ஒரு தவறில்தான் தொடங்கியது தெரியுமா? நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் ஐம்பது குஞ்சு கேட்டு எழுதினாள். ஐநூறு வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பாமல் வளர்த்துக் கறிக்கு விற்றாள். ஒரு பூஜ்யம் கூடிப்போனதில் ஊரே பிழைத்தது. தவறும் ராசியைப் பொறுத்துத்தான் போல.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி?

அறிவு


மோகனூர்
24 நவம்பர் 2025

அக்கா,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரு சொல் அதில் இல்லை. பத்து லட்சம் பேரை எண்ணிக் காட்டிவிட்டு அவர்களுக்கு நடுவில் நீ ஒளிந்துகொள்கிறாய். எட்டு வயதில் கரும்புக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டு நாய்க்குட்டி மாதிரிக் குரல் கொடுப்பாயே, அப்படி.

திட்ட எனக்கு உரிமை இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, ஆள் இருக்கிறாரா, இறந்தாரா, குடிபெயர்ந்தாரா என்று பார்த்துப் பதிய வேண்டும். இந்த வேலைக்கு ஆசிரியர்களைப் போட்டிருக்கிறார்கள். நம் பாகத்துக்கு நான்தான். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் பட்டியல். தவறு செய்தால் பணியிடை நீக்கம் என்று கூட்டத்தில் மூன்று முறை சொன்னார்கள். ஊருக்குள் நடந்தால் கதவுகள் மெதுவாகத் திறக்கின்றன. "ஏனுங்க டீச்சர், என்ற பேரை எடுத்துப் போடுவீங்களா?" என்று வள்ளியாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அறுபது வருடமாக ஒரே ஓடு, ஒரே வாசல். ஆனாலும் பயம்.

எங்கள் பட்டியலில், ஊரில் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அக்கா. போர்வெல் ரிக்கு வண்டியில் சத்தீஸ்கர் போய் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பையன்கள். பள்ளிபாளையத்தில் தறிக்குப் போய் அங்கேயே வீடு பிடித்துவிட்ட குடும்பங்கள். எல்லார் பேரையும் அவரவர் தாய்மார் இங்கே காவல் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நம் அம்மாவும்தான். உன் படிவத்தை நான் மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டில் ஒருவர் போடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஆள் இங்கே வசிக்க வேண்டும்.

"அம்மா, அக்கா இங்க இல்லையே."

"இல்லாம எங்க போனா? பொழைக்கப் போயிருக்கறா. அப்பன் பேரை எடுத்தாங்க, மூணு மாசத்துல ஊட்டுல அவரோட துணிமணிகூட இல்லாமப் போச்சு. உசுரோட இருக்கறவ பேரை எடுக்க உடமாட்டேன்."

அப்பா இறந்தபோது பட்டியலில் அவர் படத்தின் மேல் 'நீக்கப்பட்டது' என்று குறுக்கே அச்சடித்து வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

நான் வாதாடவில்லை. படிவத்தை வாங்கி, 'வசிக்கிறார்' என்ற இடத்தில் டிக் அடித்துப் பதிவேற்றிவிட்டேன். தெரிந்தே செய்தேன். நீ படிக்காமல் அடித்தாய். நான் படித்துவிட்டு அடித்தேன். உனக்கு அந்த ஊரில் இடமில்லாமல் போனால் இந்த ஊரிலாவது ஒரு வரி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கட்சி முகவர் மாதேஷ் நேற்று வாசலில் நின்றபடியே கேட்டார்: "டீச்சர், எங்க ரிக்குப் பசங்க ஏழு பேத்தை 'ஆளில்லை'ன்னு எழுதிட்டீங்களாமா? அமெரிக்காவுல இருக்கறவிய மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியறாங்களாக்கும்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு அங்கேயே இருந்தது.

தமிழினி


ஜார்ஜ்டவுன் பக்கம்
11 டிசம்பர் 2025

தமிழினி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்னைத்தான் அடிக்க வேண்டும்போல் இருந்தது. உடனே என் பேரை எடு. எனக்காக உன் வேலையை வைத்து விளையாடாதே. அம்மா அழுதால் அழட்டும். நீ எல்லாப் பரீட்சையும் எழுதி வாங்கின வேலை.

சரி. நீ கேட்ட ஒரு சொல்: இல்லை.

ஆனால் அந்த ஒரு சொல்லை நான் ஏன் எழுதவில்லை என்றால், அது முழு உண்மை இல்லை. நான் போனேன்.

போன வருடம் நவம்பர் ஐந்து. உன் மச்சான் பண்ணைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் லீவு. வெண்பாவுக்கு ஜடை பின்னி, நான் அரக்குச் சேலை கட்டிக்கொண்டேன். ஓட்டுப் போடப் போகிற நாளில் அம்மா புதுச்சேலை கட்டுவாளே, அந்த மாதிரி. தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி. வரிசையில் நின்றேன். கையில் அந்த அட்டை. எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் விரலைப் பார்த்தேன். ஒருவர் விரலிலும் மை இல்லை. சட்டையில் ஒரு வட்ட ஸ்டிக்கர்தான். முன்னால் நின்ற அம்மாளிடம் கேட்டேன், மை எங்கே வைப்பார்கள் என்று. "மையா? எதற்கு?" என்றாள். ஒருவரே இரண்டு தடவை போட்டுவிட்டால் என்று சொன்னேன். அவள் என் தோளைத் தட்டினாள். "இங்கே நாங்கள் நம்பித்தான் விடுகிறோம், கண்ணு" என்கிற மாதிரிச் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்துவிட்டு, இலை போட்ட பிறகு பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. சட்டம் எதுவும் எனக்கு அன்று தெரியாது. பெருமைக்காகவும் சொல்லவில்லை. அதே நேரத்தில் வெண்பா ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று ஒரே அடம். எது என்னை வரிசையைவிட்டு இழுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மையா, மகளின் மூத்திரமா? எதுவாக இருந்தாலும் நான் அங்கிருந்து வந்துவிட்டேன். மூன்று பேர்தான் மிச்சம் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து இங்கே ஒரு திருவிழா. தேர்தலில் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலம் வருவார்கள். பிறகு ஒரு கோடாலியைக் கடல் மணலில் புதைப்பார்கள், இனிப் பகை இல்லை என்று. வெண்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்த்தேன், கை தட்டினேன். இப்போது அந்தப் பக்கம் போனால் கோடாலிப் பிடி வெளியே தெரிவது போலவே இருக்கிறது.

போன மாதம் வடக்கே ஒரு வக்கீலைப் பார்த்தேன். உன் மச்சானிடம் துணிக்கடை என்று சொல்லிவிட்டுப் போனேன். என் பேரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வைத்தாள். என் வாக்களிப்பு வரலாறு என்று ஒரு தாளும் வாங்கச் சொன்னாள். இங்கே எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாய் என்பது பதிவாகும், யாருக்கு என்பது ஆகாது. என் தாள் வெறுமையாக வந்தது. அதைக் காட்டினேன். "இது நல்லது. ஆனால் இது போதுமா என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் டிக் அடித்தது அடித்ததுதான்" என்றாள். நேர்காணலில் அதிகாரி ஒவ்வொரு கேள்வியையும் திரும்பக் கேட்பாராம். அப்போது மாற்றிச் சொல்லலாம். சொன்னால் என்னவும் ஆகலாம். சொல்லாமல் விட்டால், இன்றோ பத்து வருடம் கழித்தோ யாராவது இரண்டு பட்டியலை ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் நாள்வரை பயந்துகொண்டே இருக்கலாம்.

உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வட்டம் போட்ட தேதியைத் தினமும் பார்க்கிறேன்.

அறிவு


மோகனூர்
28 டிசம்பர் 2025

அக்கா,

நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. அதற்குள் நான் செய்துவிட்டேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்: "சார், ஒரு பதிவு தப்பா ஏத்திட்டேங்க. எங்க அக்கா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாமயா, தெரிஞ்சா?" தெரிஞ்சேதான் என்றேன். வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பிறகு, "தெரியாமன்னு எழுதித் தாங்க" என்றார். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். நான் 'கவனக்குறைவால்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு சின்னப் பொய்யை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. விளக்கக் கடிதம் மேலே போயிருக்கிறது. இதுவரை ஒன்றும் வரவில்லை. அலுவலக எண்ணிலிருந்து போன் வந்தால் வகுப்பைவிட்டு வெளியே போய் எடுக்கிறேன்.

உன் பேருக்கு நேராகக் 'குடிபெயர்ந்தவர்' என்று என் கையால் பதிந்தேன். மாதேஷ் சொன்ன ஏழு பையன்களின் வீட்டுக்கும் மறுபடி போனேன். நான்கு பேர் தீபாவளிக்கு வந்து போனது உண்மை. அவர்களைச் சேர்த்தேன்.

வரைவுப் பட்டியல் பத்தொன்பதாம் தேதி வந்தது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. நானே சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டைத் தள்ளுகிறாள். நேற்று ஆத்தாயி அக்கா வந்தபோது, நான் கேட்கும்படி, "அவங்கப்பன் பேரை கவர்மெண்டு எடுத்துச்சு. அக்கா பேரை தங்கச்சியே எடுத்துட்டா. கையும் நடுங்குல" என்றாள்.

நடுங்கியது, அக்கா.

நீ வரிசையிலிருந்து வந்துவிட்டாய் என்பதைப் படித்தபோது, இந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுதாக இறங்கியது. அது உன்னைக் காப்பாற்றுமா என்பது வேறு. எனக்கு என் அக்கா திரும்பக் கிடைத்தாள்.

மச்சானிடம் சொல். அந்த அறைக்குள் அதிகாரி கேட்கும்போது அவர் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது.

தமிழினி


ஜார்ஜ்டவுன் பக்கம்
15 ஜனவரி 2026, பொங்கல்

தமிழினி,

போனில் "சளி கொறையல, டாக்டர் பொறகு சொல்றேங்கறாரு" என்று அம்மாவுக்கு முன்னால் சொன்னதற்கு உனக்கு அர்த்தம் புரிந்திருக்கும். நீ போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்றுப் போகி. அங்கே அம்மா கூரையில் காப்புக் கட்டியிருப்பாள். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் இல்லாத ஊரில் நான் வேப்பிலைக்குப் பதிலாக என்னத்தையோ கதவில் சொருகினேன். பின்வாசலில் உன் மச்சான் பழைய அட்டைப் பெட்டிகளை எரித்துக்கொண்டிருந்தார். நான் அரிசி டப்பாவிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எப்ப இருந்து?" என்றார். சொன்னேன். "ஒண்ணரை வருசமா நான் திங்கற சோத்துக்கு மேலயே இருந்துச்சா இது?" என்றார். பிறகு நெருப்பைக் காட்டினார். "போட்டுரு. பேரும் நீக்கியாச்சு, ஓட்டும் போடல. யாரு பாக்கப் போறாங்க? கேட்டா இல்லேன்னு சொல்லு. வெண்பாவ நெனச்சுப் பாரு, அறிவு."

வெண்பாவைத்தான் நினைத்தேன். அதனால்தான் நெருப்பின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அட்டையின் ஒரு மூலை சூட்டில் பழுப்பேறிவிட்டது. உன் கடிதம் முந்தாநாள்தான் வந்திருந்தது. 'நடுங்கியது, அக்கா' என்று எழுதியிருந்தாயே. அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

இன்று காலை இரண்டு மணி நேரம் காரில் போனோம். அவரை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள், என்னை வேறு அறைக்கு. வக்கீலும் என்னோடு வந்தாள். உன் மச்சான் முதல்முறையாக அவளைப் பார்த்தார். "துணிக்கடையா?" என்றார். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதிகாரி இளம் வயதுப் பெண். பணிவாகத்தான் பேசினாள். என் கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கினாள். அந்த நூறில் அவள் கேட்ட ஆறு கேள்விக்கும் விடை சொன்னேன். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினாள். எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? இங்கே 'இல்லை' என்று இருக்கிறது.

"இருக்கிறேன்" என்றேன்.

பேனா நின்றது. அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன், அந்த வெற்றுத் தாளையும் வைத்தேன். அவள் 'இல்லை'யை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்திடச் சொன்னாள். பழுப்பேறிய மூலையைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். நெருப்பின் பக்கத்தில் வைத்திருந்தேன் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியவில்லை.

இன்று முடிவு சொல்ல முடியாது, தபாலில் வரும் என்று ஒரு தாள் கொடுத்தாள்.

உன் மச்சானுக்கு அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தோம். அவர் கையில் ஒரு தாள், என் கையில் ஒரு தாள். காரில் ஏறும்போது அவர் என் தாளை வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது கோபமா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை, தமிழினி.

இப்போது எந்த ஊர்ப் பட்டியலிலும் நான் இல்லை. தபால் பெட்டியை மதியம் இரண்டு முறை திறந்து பார்த்தேன். இன்று மாலையே எப்படி வரும்?

அறிவு


மோகனூர்
3 பிப்ரவரி 2026

அக்கா,

உன் பொங்கல் கடிதம் நேற்று வந்தது. உன் வீட்டுத் தபால் பெட்டியில் என்ன வந்தது, அல்லது வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்லவில்லை. சளி அப்படியே இருக்கிறது என்றுதான் சொன்னாய். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

என் விளக்கக் கடிதத்துக்கு எச்சரிக்கையோடு பதில் வந்துவிட்டது. வேலை இருக்கிறது.

பெயர் நீக்கப்பட்டோர் பட்டியலைக் காரணத்தோடு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அம்மா தினமும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அங்கே நிற்கிறாள் என்று சத்துணவு ஆயா சொன்னார். நேற்று நான் போனபோதும் நின்றுகொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் அவ்வளவு சின்ன எழுத்து அவளுக்குத் தெரியாது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அவ பேரு எங்கிருக்குது?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"பக்கத்துல என்ன போட்டிருக்குது?"

"குடிபெயர்ந்தவர்."

"செத்தவங்கன்னு போடுலீல்ல?"

"இல்லம்மா. அது வேற கட்டம்."

அம்மா மேலும் கீழும் பார்த்தாள். உனக்கு மேலே காளியாத்தாள், இறந்தவர். கீழே யாரோ ஒரு பையன், இறந்தவர். நடுவில் நீ.

"அப்ப வந்துருவா" என்றாள். பால் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் அதை ஆசையாகச் சொன்னாள், அக்கா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் மணி அடித்துவிட்டது என்று கூப்பிடும்வரை நின்றேன்.

வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் வாக்காளராகப் பதிவதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. எண் ஆறு, ஏ. ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர்களுக்கு மட்டும். இன்றைய தேதிக்கு நீ அதற்குத் தகுதியானவள். பொய்யே இல்லாமல் உன் பேர் இங்கே இருக்க ஒரு வழி இது. அங்கே சரி என்று வந்தால் இதைக் கிழித்துவிடு. இந்த ஒன்றைக் கிழிக்கலாம்.

உன் பேர், அப்பா பேர், வீட்டு எண் வரைக்கும் நான் நிரப்பியிருக்கிறேன். கட்டங்களை நிரப்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அவசரப்படாதே. ஒவ்வொரு வரியையும் படி. மச்சானையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி. பிறகு கையெழுத்துப் போடு.

தமிழினி